வளரும் பிள்ளைக்கு ஏற்ற சைக்கிளைத் தெரிவு செய்தல்

அளவெட்டியிலும் வலிகாமம் வடக்கின் ஏனைய கிராமங்களிலும் மீளக் குடியேறும் குடும்பங்களுக்கான பாடம்

இந்தப் பாடம் 11 முதல் 15 வயது வரையான பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உரியது. வீட்டில் பெரியவர் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். சைக்கிள் ஓடப்போகும் பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடத்தின் முடிவில் நீங்கள்

• ஒரு சைக்கிள் உங்கள் பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே அளந்து பார்ப்பீர்கள்.
• பாவித்த சைக்கிள் ஒன்றை வாங்க முன் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று அறிவீர்கள்.
• நம் ஊர் வீதிகளில் பிள்ளைக்கு எவற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அறிவீர்கள்.

1. ஏன் இந்தப் பாடம்?

நலன்புரி நிலையத்தில் இருந்தபோது பாடசாலை நடை தூரத்தில் இருந்திருக்கும். சொந்தக் காணிக்குத் திரும்பியதும் தூரங்கள் மாறிவிடுகின்றன. அளவெட்டியில் இருந்து தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று பாடசாலைக்கும் ரியூசனுக்கும் போக வேண்டிய பிள்ளைக்கு நடை போதாது. பஸ் ஒழுங்கைக்குள் வராது. சைக்கிள் இல்லாத வீட்டில் முதலில் குறைவது பின்னேர வகுப்பு. பிறகு மழை நாட்களில் பாடசாலை வரவும் குறைகிறது. ஆகவே சைக்கிள் வாங்குவது படிப்புக்காகச் செய்யும் செலவு. அதை ஆம்பிளைப் பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கவும் வேண்டாம். தூரம் இருவருக்கும் ஒன்றுதான்.

சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்குப் பாடம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். 1990களில் எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டிருந்த காலத்தில் நோயாளியை ஏற்றியதும் விறகு ஏற்றியதும் சைக்கிளில்தான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது பலர் சைக்கிளில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டே தென்மராட்சிக்குப் போனார்கள்.

அந்தக் காலத்தில் பல சிறுவர்கள் அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடிப் பழகினார்கள். “நாங்கள் அப்படித்தானே பழகினோம், எங்களுக்கு என்ன நடந்தது?” என்று பெரியவர்கள் கேட்பது இதனால்தான். ஆனால் அன்று வீதியில் வாகனம் மிகக் குறைவு. விழுந்தால் முழங்கால் உரஞ்சும், அவ்வளவுதான். இன்று காங்கேசன்துறை வீதியில் பஸ், டிப்பர், வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஓடுகின்றன. இன்று அளவில்லாத சைக்கிளில் இருந்து சரியும் பிள்ளை வாகனத்தின் முன்னால் சரியலாம். ஓட்டம் அன்று இருந்தது போலவே இருக்கிறது, வீதிதான் மாறிவிட்டது.

2. முதல் விதி: பிள்ளையால் நிறுத்த முடிய வேண்டும்

பெரிய சைக்கிளை ஒரு பிள்ளை ஓடிக் காட்டினால் நாம் சந்தோஷப்பட்டுவிடுகிறோம். ஓடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை. நிறுத்துவதும் நிறுத்திய பிறகு காலை நிலத்தில் ஊன்றுவதும்தான் கஷ்டம். பிரேக்கை விரல் எட்டாத பிள்ளையும், நின்றதும் ஒரு பக்கம் சரிந்துவிடும் பிள்ளையும் அந்தச் சைக்கிளுக்கு இன்னும் வளரவில்லை.

வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளுக்கு ஒரு உதாரணம். நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் பிள்ளைகள் பனிச்சறுக்குக்குப் போவார்கள். அவர்களின் சப்பாத்தைச் சறுக்குப் பலகையோடு ஒரு பூட்டுப் பிடித்து வைத்திருக்கும். சறுக்கும்போது அது பிடித்திருக்க வேண்டும், பிள்ளை விழும்போது கழன்றுவிட வேண்டும். கழலாவிட்டால் கால் முறியும். அதனால் பிள்ளையின் நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், சறுக்கும் பழக்கம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் அந்தப் பூட்டை எவ்வளவு இறுக்குவது என்று கணிப்பார்கள். பிள்ளை வளர்ந்தால் திரும்பவும் கணிக்க வேண்டும். அடுத்த வருடம் நிறை கூடும்தானே என்று இன்றைக்கே இறுக்கி வைப்பது ஆபத்து. சைக்கிளுக்கும் இதே விதிதான்: இன்றைய உடம்புக்கு ஏற்ற அளவு.

3. அளவு பார்க்கும் நான்கு சோதனைகள்

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிள் வாங்கப் போக வேண்டாம். பாடசாலைக்குப் போடும் சப்பாத்தோடு கூட்டிச் செல்லுங்கள்.

முதற் சோதனை: பார். பார் உள்ள சைக்கிளில், சீற்றுக்கு முன்னால் பாரின் இரு பக்கமும் கால் வைத்துப் பிள்ளை நிற்கட்டும். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் இருக்க வேண்டும். பாருக்கும் கவட்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு விரல் அகலம் இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லையென்றால் அந்தச் சைக்கிள் பெரிது. பாவாடை போடும் பிள்ளைக்குப் பார் தாழ்ந்த பெண்கள் சைக்கிள் வசதி. ஆம்பிளைப் பிள்ளைக்கும் அது கூடாது என்று இல்லை. ஏறி இறங்க அது சுலபம்.

இரண்டாம் சோதனை: சீற். சீற்றில் இருந்தபடி இரண்டு காலின் விரல் நுனியும் ஒரே நேரத்தில் நிலத்தில் முட்ட வேண்டும். புதிதாகப் பழகும் பிள்ளைக்குப் பாதத்தின் முன்பாதி முழுதும் முட்டினால் நல்லது. பிறகு நீங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை குதிக்காலைப் பெடலில் வைத்து அதை அடிவரை இறக்கட்டும். அப்போது கால் ஏறக்குறைய நீட்டி நிற்க வேண்டும். முழங்கால் நன்றாக மடிந்தே இருந்தால் சீற் தாழ்வு. இப்படித் தொடர்ந்து ஓடினால் முழங்கால் நோகும்.

மூன்றாம் சோதனை: கை. ஹாண்டிலைப் பிடித்தால் முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் பிள்ளை ஹாண்டிலைத் திருப்பும்போது உடம்பும் சேர்ந்து சரியும்.

நான்காம் சோதனை: பிரேக். பிள்ளை பிடியை விடாமல் விரல்களை நீட்டிப் பிரேக்கைப் பிடித்து இழுக்கட்டும். பெரிய சைக்கிள்களில் உள்ள கம்பி இழுவைப் பிரேக் பல பிள்ளைகளின் கைக்கு எட்டாது, எட்டினாலும் இழுக்கப் பலம் போதாது. கேபிள் பிரேக் சிலவற்றில் அதன் கைபிடியைக் கிட்டக் கொண்டுவரச் சிறிய ஆணி இருக்கும். திருத்துபவரிடம் சொல்லி அதைச் சரிசெய்யலாம். எப்படியும் எட்டவில்லை என்றால் வேறு சைக்கிள் பாருங்கள்.

கடையில் சில்லின் அளவை அங்குலத்தில் சொல்வார்கள். பொதுவாக 135 முதல் 150 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளைக்கு 24 அங்குலச் சில்லுப் பொருந்தும். 150க்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு 26 அங்குலம் பொருந்தும். 28 அங்குலப் பெரிய சைக்கிள் வளர்ந்தவர்களுக்கு உரியது. இவை வழிகாட்டும் எண்கள் மட்டுமே. ஒரே உயரமான இரு பிள்ளைகளில் ஒருவரின் கால் நீளமாகவும் மற்றவரின் கால் கட்டையாகவும் இருக்கும். நான்கு சோதனைகளின் முடிவையே நம்புங்கள்.

4. “வளருகிற பிள்ளைதானே, பெரிதாக வாங்குவோம்”

காசு சிக்கனம் பார்க்கும் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். அதில் நியாயமும் உண்டு. ஒவ்வொரு வருடமும் சைக்கிள் வாங்க யாராலும் முடியாது. ஆனால் வளர்ச்சிக்கு இடம் விடும் வழி வேறு.

இந்த வயதில் பிள்ளை வருடத்துக்கு 6 முதல் 8 சென்ரிமீற்றர் வரை வளரலாம். அதில் ஏறக்குறைய பாதி காலின் வளர்ச்சி. அப்படியென்றால் வருடத்துக்குச் சீற்றை 3 அல்லது 4 சென்ரிமீற்றர் உயர்த்தினால் போதும். ஆகவே சீற்றைத் தாழ்த்தி வைத்த நிலையில் நான்கு சோதனைகளிலும் தேறுகிற சைக்கிளைத் தேடுங்கள். சீற்றைத் தாங்கும் குழாயை இன்னும் 8 முதல் 10 சென்ரிமீற்றர் வெளியே இழுக்க இடம் இருந்தால், இரண்டு வருடத்துக்கோ அதற்கு மேலோ அந்தச் சைக்கிள் உதவும்.

கவனிக்கவும்: அந்தக் குழாயில், இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று ஒரு கோடு வெட்டியிருக்கும். கோடு வெளியே தெரிந்தால் குழாய் முறியலாம், சைக்கிளின் சட்டமும் வெடிக்கலாம். ஹாண்டிலைத் தாங்கும் தண்டிலும் இப்படி ஒரு கோடு உண்டு. கோடு அழிந்திருந்தால், குறைந்தது நான்கு விரல் அகலம் உள்ளே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நிவாரணமாகக் கிடைக்கும் சைக்கிள் ஒரே அளவில் வருவது வழக்கம். உங்கள் வீட்டுக்கு வந்தது பிள்ளைக்குப் பெரிது என்றால், அதைப் பிள்ளைக்கு என்று பிடிவாதமாக ஒதுக்க வேண்டாம். பெரியவர் அதைப் பாவிக்க, ஏற்கெனவே வீட்டில் உள்ள சிறியதைப் பிள்ளைக்குத் திருத்திக் கொடுக்கலாம். பிள்ளை வளர்ந்துவிட்ட அயல் வீட்டில் சிறிய சைக்கிள் சும்மா நிற்கிறதா என்றும் விசாரியுங்கள்.

5. பாவித்த சைக்கிள் வாங்க முன்

நல்ல நிலையில் உள்ள பாவித்த சைக்கிள், தரம் குறைந்த புதியதை விட நன்றாக உழைக்கும். பளபளப்பான புதுப் பெயின்ற் எதையும் நிரூபிக்காது. சில வேளை அது வெடிப்பையும் ஒட்டையும் மறைக்கவே அடிக்கப்பட்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் நீங்கள் நம்பும் சைக்கிள் திருத்துபவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

சட்டம்: குழாய்கள் சேரும் இடங்களை, முக்கியமாக ஹாண்டிலுக்குக் கீழும் பெடல் அச்சுக்கு அருகிலும், துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், ஒட்டு இருந்தால் வாங்க வேண்டாம். முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு சில்லும் ஒரே நேரில் இருக்க வேண்டும்.

முன்பக்கம்: முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். “டக் டக்” என்று அடித்தால் ஹாண்டில் தண்டின் குண்டுகள் தேய்ந்திருக்கலாம், அல்லது தளர்ந்திருக்கலாம்.

சில்லு: தூக்கிச் சுற்றுங்கள். றிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டுங்கள். ஆடும் கம்பி தளர்ந்த கம்பி. ஒன்றிரண்டை இறுக்கலாம். பல கம்பிகள் தளர்ந்து றிம்மும் கோணியிருந்தால் சில்லையே மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள்.

ரயர்: பக்கங்களில் வெடிப்பு உண்டா, நூல் தெரிகிறதா என்று பாருங்கள்.

பெடல்: பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் உள்ளே தேய்வு. செயினை நடுவில் விரலால் உயர்த்தினால் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை அசையலாம். அதற்கு மேல் தொங்கினால் கழன்று விழும். செயின் கவர் இல்லாவிட்டால் பாவாடையோ காற்சட்டையோ செயினுக்குள் போகும். கவருக்கான செலவையும் கணக்கில் சேருங்கள்.

உரிமை: சட்டத்தில் வெட்டியுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சீற்றுக்குக் கீழோ பெடல் அச்சுக்கு அடியிலோ இருக்கும். இலக்கம் அராவி அழிக்கப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம், அது களவு போன சைக்கிளாக இருக்கலாம். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, விலை, சைக்கிளின் இலக்கம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புதியது என்றால் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பல தடவை இடம்பெயர்ந்த நமக்குக் கடதாசியின் பெறுமதி தெரியும். இதையும் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரே பையில் வையுங்கள்.

6. பிரேக்கைச் சோதித்தல்

பிரேக்கை முழுப் பலத்தோடு இழுத்தாலும் அது பிடியில் முட்டக் கூடாது. பிரேக் கட்டை றிம்மில் மட்டும் பட வேண்டும். ரயரில் பட்டால் ரயரை அறுக்கும், கீழே சரிந்தால் கம்பிக்குள் போகும். முன், பின் இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். “ஒன்று பிடிக்குது, போதும்” என்று விட வேண்டாம்.

பிறகு வாகனம் வராத ஒரு வெளியில் நிலத்தில் கோடு கீறுங்கள். பிள்ளை சாதாரண வேகத்தில் வந்து, கோடு வந்ததும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, நின்று, கால் ஊன்ற வேண்டும். எத்தனை அடி தள்ளி நின்றது என்று அளவுங்கள். இப்போது இரண்டு றிம்மிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு அதையே செய்யச் சொல்லுங்கள். பளபளக்கும் இரும்பு றிம் நனைந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்காது. எவ்வளவு தூரம் கூடுகிறது என்று பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். மழையில் மெதுவாகப் போ என்று பத்துத் தடவை சொல்வதை விட இந்த ஒரு சோதனை மனதில் நிற்கும்.

7. நம் வீதிகளில்

செம்மண்: மாரி மழையில் நம் தோட்டக்காணிச் செம்மண் ரயரிலும் மட்காட்டிலும் அப்பி, பிரேக் கட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். செயினைத் துடைத்து எண்ணெய் விடவும் வேண்டும். றிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படக் கூடாது.

புகையிரதக் கடவை: 1990இல் நின்ற ரயில் 2015 ஜனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. இடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்போது ரயில் பழக்கம் இருக்கவில்லை. தண்டவாளம் இருந்த இடத்தில் பயமில்லாமல் நடந்து பழகிய பெரியவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கடவையில் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, தள்ளிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள். தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சரிவாகக் கடந்தால் சில்லு இடுக்குக்குள் சிக்கும். மூடிய கேற்றுக்குக் கீழால் ஒருபோதும் நுழைய வேண்டாம். ரயிலால் உடனே நிற்க முடியாது.

மிதிவெடி: சைக்கிள் வந்ததும் பிள்ளை போகும் தூரம் கூடும், தெரியாத ஒழுங்கைகளுக்குள்ளும் போகும். அதனால் மிதிவெடிப் பாடத்தைத் திரும்பச் சொல்லுங்கள். ஆட்கள் நாளாந்தம் பாவிக்கும் வீதியில் மட்டும் ஓட வேண்டும். பற்றை மூடிய காணி, ஆளில்லாத வளவு, பழைய காவலரண், மண் அணை இவற்றுக்கூடாகக் குறுக்கு வழி வேண்டாம். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அதைத் தாண்டிப் போகக் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், கிட்டப் போகாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். பெரியவர் கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். ஆபத்தான காணிக்குள் வந்துவிட்டதாகத் தெரிந்தால், நின்ற இடத்தில் அசையாமல் நின்று உதவிக்குக் கூப்பிட வேண்டும். சைக்கிளை எடுக்க என்று ஓரடியும் வைக்க வேண்டாம். சைக்கிள் போனால் இன்னொன்று வாங்கலாம்.

இருட்டு: ரியூசன் முடிந்து வரும்போது பொழுதுபட்டுவிடும். முன்னுக்கு வெளிச்சமும் பின்னுக்குச் சிவப்பு ஒளி தெறிப்பானும் வேண்டும். டைனமோ விளக்கு சைக்கிள் நின்றதும் அணைந்துவிடும், ஆகவே பின்பக்க ஒளி தெறிப்பான் அவசியம்.

சுமை: தம்பியையோ தங்கையையோ பாரில் ஏற்ற வேண்டாம். பாரில் ஒருவர் இருந்தால் ஹாண்டிலும் திரும்பாது, பிரேக்கும் சரியாகப் பிடிக்க முடியாது. புத்தகப் பையை ஹாண்டிலில் தொங்கவிடாமல் கரியரில் கட்டுங்கள்.

8. வாங்கிய பிறகு

ஏறக்குறைய நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, பாடசாலைத் தவணை தொடங்கும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது, நான்கு சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள். சீற்றை உயர்த்துங்கள். எல்லா ஆணியும் இறுக்கமா என்று பாருங்கள். சீற் கோட்டைத் தொட்டும் முழங்கால் மடிந்தே இருந்தால், அந்தச் சைக்கிள் இளைய பிள்ளைக்கோ அயல் வீட்டுக்கோ போக வேண்டிய காலம் வந்துவிட்டது.

காற்றுப் பார்ப்பது, ஒட்டுப் போடுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது இந்த மூன்றையும் பிள்ளைக்கே பழக்குங்கள். தானே பராமரிக்கும் சைக்கிளில் என்ன பழுது என்று பிள்ளைக்கு முதலில் தெரியவரும். பிரேக் பிடிக்கவில்லை என்று வந்து சொன்னால் ஏசாமல் அன்றைக்கே திருத்துங்கள். ஏச்சு விழும் என்று பயந்தால் அடுத்த தடவை பிள்ளை சொல்லாது.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் இப்போது உள்ள சைக்கிள் யாருடைய உடம்புக்குப் பொருந்துகிறது? நான்கு சோதனைகளையும் செய்து பாருங்கள்.
2. பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியில் கடவை, பெரிய சந்தி, ஆளில்லாத காணி எங்கெங்கே உண்டு? வழியைத் தாளில் கீறிப் பாருங்கள்.
3. முதல் ஒரு கிழமை பிள்ளையோடு கூடவே சைக்கிளில் போய் வர வீட்டில் யாருக்கு நேரம் உண்டு?
4. சைக்கிளின் இலக்கம் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது?

இந்தப் பாடத்தில் ஒன்று மட்டும் நினைவில் நின்றால் போதும் என்றால், அது இது: சைக்கிள் வாங்கும்போது பிள்ளை அதை ஓடிக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுக்காமல், நிறுத்திக் காலை ஊன்றிக் காட்டுவதைப் பார்த்து முடிவெடுங்கள்.